பன்னிரண்டு பேர் பார்த்த அடக்கம்

எனக்கு நாற்பத்திரண்டு வயது. என் அடையாள அட்டையில் நாற்பத்தாறு. இந்த நாலு வருஷ வித்தியாசத்தை நான் நீண்ட நாள் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. ஸெபூ ஆற்றங்கரையில் எங்கள் பக்கத்து ஊர்களில் இப்படிப் பொருந்தாத வயதோடு நடமாடுகிறவர்கள் தெருவுக்கு ஒருவராவது இருப்பார்கள். ஒரு குழந்தை இறந்துபோகும். அந்த இறப்பைப் பதிய டவுனுக்குப் போனால் ஒரு நாள் கூலி போச்சு, அங்கே இருக்கிற குமாஸ்தா வேறு எரிந்து விழுவான். அடுத்த குழந்தை பிறந்ததும் அதே பெயரை வைத்து அதே காகிதத்தைக் கொடுத்துவிடுவார்கள். தகப்பனுக்கு அலைச்சல் மிச்சம். பிள்ளைதான் சாகிறவரை இன்னொருத்தியின் வயதைத் தூக்கிக்கொண்டு திரிய வேண்டும்.

என் அக்கா மஹ்ஜூபா நாலு வயதில், பெரிய வறட்சி வந்த வருஷம் இறந்தாள். அதே வருஷம் நான் பிறந்தேன், நானும் மஹ்ஜூபா ஆனேன். இது எனக்கே என் கல்யாணத்தின்போதுதான் தெரியும். மாப்பிள்ளை வீட்டார் காகிதத்தை வாங்கிப் பார்த்து, இருபத்தெட்டா என்று முகத்தைச் சுளித்தார்கள். உம்மா கொஞ்சமும் அசரவில்லை. அது செத்துப்போன மூத்தவளின் காகிதம், இவளுக்கு இருபத்திநாலுதான் என்று சொல்லிவிட்டாள். கபர்ஸ்தானுக்கு அழைத்துப்போய் ஒரு சின்ன மண்மேட்டைக்கூடக் காட்டினாள். அதன்பிறகு ஒவ்வொரு ஆஷூரா அன்றும் அந்த மேட்டில் நான் தண்ணீர் ஊற்றிவிட்டு வருவேன். முகம் தெரியாத அக்காவுக்கு அழுதும் இருக்கிறேன். பைத்தியக்காரத்தனம்தான்.

இப்போது அந்த நாலு வருஷம் என் கழுத்தில் வந்து உட்கார்ந்தது.

என் கணவர் ஹம்மாதி இரண்டு வருஷம் முன்பு ஆரஞ்சு மரத்திலிருந்து விழுந்தார். முதுகு போய்விட்டது. நடப்பார், உட்காருவார், பேசுவார், ஒரு கூடையைத் தூக்க மாட்டார். மூத்தவள் ஸுக்கைனாவுக்குப் பன்னிரண்டு. சின்னவனுக்கு ஏழு. சந்தைக்குப் போகிற வழியில் ஷாமா என்றொருத்தி இருக்கிறாள். தலைநகர் ராபாத்தில் உள்ள பெரிய வீடுகளுக்கு வேலைக்காரப் பெண்களைப் பிடித்துக் கொடுப்பது அவள் தொழில். என்னைக் கொண்டுபோய் விட்டதும் அவள்தான். அப்போது எனக்கு எட்டு வயது. ஹம்மாதி விழுந்த மறு மாதமே அவள் வாசலில் வந்து நின்றுகொண்டு, ஸுக்கைனா நல்ல வளர்த்தியாக இருக்கிறாளே என்றாள். நான் துடைப்பத்தை எடுத்தேன். ஆனால் அவள் போகவில்லை, அப்புறம் வருகிறேன் என்றாள். பஞ்சம் பிடித்த வீட்டின் நெளிவு சுளிவு அவளுக்கு அத்துப்படி.

எனக்கிருந்த வழி ஸ்பெயின் மட்டும்தான். அங்கே ஸ்ட்ராபெரி பறிக்க ஒவ்வொரு வருஷமும் எங்கள் பக்கத்துப் பெண்களை எடுப்பார்கள். சின்னப் பிள்ளை இருக்கிற தாய்களாகப் பார்த்துத்தான் எடுப்பார்கள். பிள்ளைக்காகவாவது திரும்பி வந்துவிடுவாள் என்று கணக்கு. மூன்று மாதம் குனிந்து எழுந்தால் எங்கள் வீடு ஒரு வருஷம் ஓடும், ஸுக்கைனா பள்ளிக்கூடத்தில் இருப்பாள். ஆனால் நாற்பத்தைந்தைத் தாண்டியவளைத் தொட மாட்டார்கள். பெயர் எழுதுகிற இடத்தில் என் அட்டையைப் பார்த்த பெண் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அதைத் திருப்பித் தந்தாள்.

பக்கத்து வீட்டு ஹனியா ஐந்து தடவை போய்வந்தவள். வாசலில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டே கேட்டாள்.

"செத்தவ வயசுக்கு நீ எதுக்குடி கிழவியாகுற? லஃபீஃப் எழுதிட்டாப் போச்சு."

"பன்னெண்டு ஆம்பளைக்கு எங்கே போவேன்?"

"ஏன், இந்த ஊர்ல பன்னெண்டு ஆம்பளைங்க இல்லியா? வேலை செய்யறவன் இல்லேன்னு சொல்லு, ஒத்துக்கறேன். சாட்சி சொல்ல இருக்கான்."

லஃபீஃப் என்பது பன்னிரண்டு பேர் சாட்சி. காகிதம் இல்லாத எதையும் எங்கள் நாட்டில் அப்படித்தான் நிலைநாட்டுவது. பன்னிரண்டு ஆண்கள் அதூலிடம், அதாவது பத்திரம் எழுதுகிறவரிடம், போய் எங்களுக்குத் தெரியும் என்று சத்தியம் செய்வார்கள், அவர் எழுதுவார், அதை வைத்து நீதிமன்றத்தில் திருத்திக்கொள்ளலாம். ஸ்பெயின் பட்டியல் மூட இன்னும் ஆறு வாரம் இருந்தது. போதும்.

நான் வீடு வீடாகப் போனேன். ஒருவர்கூட மறுக்கவில்லை. சொல்லப்போனால், கேட்பதற்கு முன்பே ஞாபகம் வந்தது அவர்களுக்கு. ஜிலாலி சாச்சா, அன்றைக்குக் கிணற்றில் ஒரு வாளித் தண்ணீர்கூட இல்லை, குளிப்பாட்ட ஆற்றிலிருந்து நான்தான் கொண்டுவந்தேன் என்றார். இன்னொருவருக்குப் புழுதிக்காற்று அடித்தது ஞாபகம். எண்பதை நெருங்குகிற பூஸல்ஹாம் சாச்சா என் தலையில் கைவைத்து, "கேட்கணுமா புள்ள? இந்தக் கையாலதான் தூக்கிட்டுப் போனேன்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நாம் வாழ்கிற ஊர் நம்மை மறந்துவிடவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அதூலுக்கு ஒன்றுதான் வேண்டியிருந்தது. இறந்த மாதம் எது, நான் பிறந்தது எப்போது என்று தாய் உயிரோடு இருந்தால் வந்து சொல்லட்டும் என்றார். உம்மா என் தம்பியோடு கெனித்ரா நகரத்தில் இருந்தாள். எங்களுக்குள் அதிகம் போக்குவரத்து இல்லை. எட்டு வயதுப் பிள்ளையை ஊரான் வீட்டுக்குத் தரை துடைக்க அனுப்பியவளிடம் எனக்கு என்ன பேச்சு? பெருநாளுக்குப் போவேன், கையில் முத்தமிடுவேன், ஏதாவது ஒரு பேச்சில் அந்த எட்டு வயதை எடுத்துப்போடுவேன். அவள் பதில் சொல்ல மாட்டாள். தம்பிக்கு போன் போட்டு, ஒரு காகித வேலை, உம்மாவைச் சந்தை நாளன்று டாக்ஸியில் ஏற்றிவிடு என்று மட்டும் சொன்னேன்.

சந்தை நாள் காலை பன்னிரண்டு பேரும் பீட் கிழங்கு பிடுங்குகிற வேலையை விட்டுவிட்டு வந்தார்கள். மூன்று சக்கர வண்டிகள் இரண்டில் ஏறி, சலவை செய்த ஜெல்லாபா அங்கியோடு, கல்யாணத்துக்குப் போகிறவர்களைப் போல வந்தார்கள். அதூல் அலுவலகத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில் அவர்களை உட்கார வைத்தேன். ஹம்மாதியும் அவர்களோடு இருந்தார். உம்மா வந்து இறங்கியதும் அலுவலக வாசல் பெஞ்சில் அவளை உட்கார வைத்து விஷயத்தைச் சொன்னேன். ஸ்பெயின், வயது, ஷாமா, ஸுக்கைனா, எல்லாம்.

உம்மா முக்காட்டு நுனியை இழுத்து வாயைத் துடைத்தாள்.

"அவங்க எல்லாரும் எதுக்கு வந்திருக்காங்க?"

"அக்கா செத்ததுக்குச் சாட்சி சொல்ல."

"கூட்டிட்டுப் போயிரு."

"என்னது?"

"வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிரு, மஹ்ஜூபா. உனக்கு அக்கா இல்ல."

எனக்கு உறைக்கவில்லை. வெயிலில் வந்த களைப்பு, உளறுகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"நீதான் மூத்தவ. அந்தக் காகிதம் உன்னோடதுதான். இருபத்தெட்டு வயசுன்னா உன்னை யார் கட்டுவான்? வாயில வந்துச்சு, சொல்லிட்டேன். அவங்க கபரைக் காட்டுன்னு கேப்பாங்கன்னு நெனைக்கல. கண்ணுக்குப் பட்ட மேட்டைக் காட்டிட்டேன்."

"அப்ப நான் தண்ணி ஊத்துனது?"

"யாரோட பிள்ளையோ. நன்மைதான், போ."

முதலில் வந்தது கோபம்கூட இல்லை, ஒரு பழைய கணக்கு. ராபாத்து வீட்டுக்குப் போன மறு வருஷமே நான் வயதுக்கு வந்தேன். ஒன்பது வயதிலேயா என்று பிற்பாடு கணக்குப் போட்டுப் பார்த்து நானே வியந்ததுண்டு. ஒன்பது இல்லை. பதிமூன்று. என்னை அனுப்பியது எட்டு வயதில் இல்லை, ஸுக்கைனாவின் இப்போதைய வயதில்.

"உன்னை எத்தனை தடவை கேட்டிருப்பேன். எட்டு வயசுப் பிள்ளையை அனுப்புனியேன்னு. அப்பவாவது சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா உன் வீட்டுல பிரச்சினை ஆயிடுமே. எட்டுன்னே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

பதினெட்டு வருஷமாக நான் அவள் முகத்தில் எறிந்த வார்த்தைகளை எல்லாம், தன் பொய் உடைந்து என் வீடு கலைந்துவிடக்கூடாது என்று வாங்கி மடியில் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அது எனக்கு அப்போது புரியாமல் இல்லை. ஆனால் இரக்கப்படுகிற நிலையிலா இருந்தேன்? எதிரே பன்னிரண்டு பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஷாமா எந்த நேரமும் வருவாள்.

"நல்ல நேரம் பார்த்து உண்மையைப் பிடிச்சுக்கிட்டே உம்மா. கல்யாணத்துக்குப் பொய் சொல்லலாம், கஞ்சிக்குச் சொல்லக்கூடாதா?"

"நான் சொன்ன பொய்க்கு நான் பதில் சொல்லிக்குவேன். இவங்க பன்னெண்டு பேரும் அல்லாஹ் மேல ஆணையிட்டுச் சொல்லணும். பொறக்காத பிள்ளையைப் பொதைச்சேன்னு."

"அவங்களுக்குத் தெரியாதே. நிஜம்னு நெனைச்சுத்தானே சொல்றாங்க. பாவம் எங்க வருது?"

"உனக்குத் தெரியுமே."

"தெரிஞ்சுட்டுப் போகுது. நீ வாயைத் திறக்காம உட்காரு, அது போதும். மாசத்தை நானே சொல்லிக்கறேன்."

அப்படியே செய்தேன். மறைக்க என்ன இருக்கிறது? தெருவைத் தாண்டி எல்லோரையும் உள்ளே கூப்பிட்டேன். என் மகளை அந்த வீடுகளில் ஒன்றுக்கு அனுப்புவதைவிட, நடக்காத ஓர் அடக்கத்தின் மேல் நான் நரகத்துக்குப் போகத் தயாராக இருந்தேன். இன்றைக்கும் அதைத் தப்பு என்று என்னால் முழுசாகச் சொல்ல முடியவில்லை.

அதூல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு காகிதத்தைச் சரிசெய்தார். வயதில் மூத்தவர் முதலில் என்றார். பூஸல்ஹாம் சாச்சா முன்னால் வந்து தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"என்ன தெரியுமோ சொல்லுங்க. எழுதறதுக்கு முன்னாடி ஒரு தடவை கேட்டுக்கறேன்."

"வறட்சி வருசம்ங்க. பாலும் இல்ல, ஒண்ணும் இல்ல. பிள்ளை நாலு நாள் காய்ச்சல்ல கெடந்தா. நான்தான் தூக்கிட்டுப் போனேன். எடையே இல்ல. ஜெல்லாபாக்குள்ள வச்சுக்கிட்டேன், காத்தடிச்சுது."

"சரி."

"மண்ணு தள்ளினப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு. கையில நீல மணி கட்டியிருந்துச்சு, கழட்டாம வச்சுட்டோம். வீட்டுல கேட்டா, மணி எங்கேன்னு. திரும்பத் தோண்ட முடியுமாங்க? அவ அதுக்கப்புறம் பல வருசம் கேட்டுக்கிட்டே இருந்தா, மணி எங்கே மணி எங்கேன்னு."

அதூல் எழுதுகோலை எடுத்தார். அறையில் யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. எனக்கு மட்டும் உறைத்தது. என் அக்காவின் மணியைப் பற்றி இவருடைய மனைவி ஏன் பல வருஷம் கேட்க வேண்டும்? இது இவருடைய பிள்ளை. அந்த வருஷம் வீட்டுக்கு ஒன்று போயிருக்கிறது. வாளித் தண்ணீரும் புழுதிக்காற்றும் இவர்கள் எல்லோருக்கும் நிஜம்தான், அவரவர் வீட்டில். யாரும் இத்தனை காலம் கேட்கவில்லை, நான் போய்க் கேட்டேன், எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். அதை என் பெயரில் எழுதிக்கொண்டு நான் ஸ்பெயினுக்குப் போகப்போகிறேன்.

"எழுதாதீங்க" என்றேன்.

அதூல் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "ஏன்?"

பின்னாலிருந்து உம்மா சொன்னாள். எப்போது உள்ளே வந்தாள் என்று தெரியாது, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். இத்தனை ஆண்களுக்கு நடுவில் அவள் பேசி நான் கேட்டதே இல்லை.

"அந்தப் பிள்ளை இல்லீங்க. நான் பெக்கவே இல்ல. மகளுக்கு வயசு ஏறிப்போச்சு, மாப்பிள்ளை கெடைக்கல, பொய் சொல்லிக் கட்டிவச்சேன். என் மகளுக்கு இன்னிக்குக் காலையிலதான் தெரியும்."

ஜிலாலி சாச்சாவுக்கு மூக்கு சிவந்துவிட்டது. "எங்களை என்னன்னு நெனைச்சீங்க? வேலையை விட்டுட்டு வந்திருக்கோம். ஆணையிட வச்சிருப்பீங்களே."

"வைக்கலியே" என்றாள் உம்மா.

பின்னால் யாரோ சிரித்தான். கொஞ்ச நேரம் ஆளாளுக்குப் பேசினார்கள், பாதிப் பேர் திட்டினார்கள், திட்டியது நியாயம்தான். பூஸல்ஹாம் சாச்சா மட்டும் நகரவில்லை. தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"அப்ப நான் தூக்கிட்டுப் போனது யாரை?"

ஜிலாலி சாச்சாதான் கோபத்தை விட்டுவிட்டு அவர் முழங்கையைப் பிடித்தார். "உங்க ஃபாத்னாவைத்தான் அண்ணே. நானும் கூட வந்தேன். வாங்க, டீ ஆறுது."

வீட்டுக்குப் போகிற வண்டியில் ஹம்மாதி எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். ஆற்றுப் பாலம் தாண்டியதும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கழுத்தைப் பிடித்துத் தள்ளப்போகிறார் என்றுகூட நினைத்தேன்.

"அப்ப நீ என்னைவிட ரெண்டு வயசு மூத்தவ."

"ஆமா."

"அதான்."

"என்ன அதான்?"

"ஒண்ணுமில்ல. நீ என்னை அதட்டுறதுக்கு இத்தனை நாளா எனக்குக் காரணம் தெரியாம இருந்துச்சு."

அவ்வளவுதான். அதற்கு மேல் அவர் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. முதுகு உடைந்தாலும் நல்ல மனுஷன்தான், அவர் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டேன்.

அன்று கெனித்ராவுக்கு டாக்ஸி கிடைக்கவில்லை என்று உம்மா எங்களோடு தங்கினாள். மறுநாள் கிடைத்திருக்கும், அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவளோடு நான் பேசவும் இல்லை. ஸ்பெயின் போய்விட்டது, நாற்பத்தாறு என்பது இனி என் வயது, ஸுக்கைனாவின் பள்ளிக்கூடத்துக்கு என்ன வழி என்று எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. இங்கே ஆற்றுக்கு அந்தப் பக்கம் பழம் கட்டுகிற கொட்டகை ஒன்று உண்டு. வயது கேட்க மாட்டார்கள். ஸ்பெயினில் மூன்று மாதத்தில் கிடைப்பதற்கு இங்கே பனியிலும் ஈரத்திலும் ஏழு மாதம் நிற்க வேண்டும், அதுவும் பாதிதான் தேறும். ஷாமா சொல்கிற வீட்டுக்கு ஸுக்கைனாவை அனுப்பிவிட்டால் மற்றப் பாதியும் வந்துவிடும். அப்படி ஒரு யோசனை எனக்கு வந்தது. வரவில்லை என்று சொன்னால் அது பொய்.

செய்தி அதற்குள் சந்தை வரை போயிருந்தது. வெள்ளிக்கிழமை கூஸ்கூஸ் சாப்பிட்டு முடித்த நேரம் ஷாமா வந்துவிட்டாள். நான் பின்னால் கழுதைக்குச் சோளத்தட்டை போட்டுக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு மண் சுவர், அங்கே பேசுவது எல்லாம் கேட்கும். உம்மா வாசலில் இருந்தாள். ஷாமா அவளைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டாள்.

"தாமு அக்கா, நீங்களா? நல்லதாப் போச்சு. உங்களுக்குத் தெரியாததா? நல்ல வீடு. டாக்டர் வீடு. பிள்ளையை அவங்க பிள்ளையாட்டம் பார்த்துப்பாங்க."

"ம்."

"உங்க மகளையும் நீங்கதானே அனுப்புனீங்க? என்ன கெட்டுப்போச்சு? நாலு நல்லது கத்துக்கிட்டு வந்தா, கல்யாணம் ஆச்சு."

நான் சோளத்தட்டையைக் கீழே போட்டேன். உம்மா தலையாட்டிவிட்டால் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை. நானே தலையாட்டிவிடுவேனோ என்றுகூடப் பயமாக இருந்தது.

"பன்னெண்டு வயசுல அனுப்புனேன்" என்றாள் உம்மா. "இருபத்தெட்டுல வந்தா. நடுவுல இருந்ததை நாங்க தின்னோம். நானும் தின்னேன், அவ தம்பிங்களும் தின்னாங்க, அவங்க வாப்பா மருந்துக்கும் அதான். பதினாறு வருசம். அதுல நாலு வருசத்தையாவது திருப்பிக் குடுக்கணும்னுதான் கல்யாணத்தன்னைக்கு அந்தப் பொய்யைச் சொன்னேன். மிச்சத்துக்கு எனக்கு வழி தெரியல. இந்தப் பிள்ளையை நீ கேக்காதே ஷாமா. போயிட்டு வா."

ஷாமா இன்னும் ஏதோ சொன்னாள். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

நான் சுவரோரம் உட்கார்ந்து அழுதேன். நன்றாகவே அழுதேன், கழுதை தலையைத் திருப்பிப் பார்க்கிற அளவுக்கு. இத்தனை வருஷமாக அவள் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று காத்திருப்பதாக நினைத்திருந்தேன். அது இல்லை. என்னை எடுத்துச் செலவழித்தார்கள் என்று அந்த வீட்டில் யாராவது ஒருவர் வாயால் ஒப்புக்கொள்ள வேண்டும் என்றுதான் காத்திருந்திருக்கிறேன். அது கிடைத்துவிட்டது. ஆனால் வலி குறையவில்லை, எங்கே வலிக்கிறது என்று தெரிந்தது, அவ்வளவுதான்.

முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தேன். உம்மா தட்டிலிருந்த மிச்சத்தை ஒரு கிண்ணத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தாள்.

"திங்கக்கிழமையிலேர்ந்து நான் பழக் கொட்டகைக்குப் போறேன்" என்றேன். "காலையில மூணரைக்கு வண்டி வரும். ஏழு மாசம். நீ இங்கேயே இருந்து இவங்களுக்குச் சோறாக்கு. ஸுக்கைனா பள்ளிக்கூடம் போவா."

அவள் கிண்ணத்தை மூடினாள். கெனித்ராவில் இருக்கிற தன் துணிமணிகளை யார் போய் எடுத்து வருவது என்று மட்டும் கேட்டாள்.